காலை நடையும் வைட்டமின் டியும்: எந்த வெயிலில் எது கிடைக்கிறது?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், மாலை முதல் காலை வரை வாகனங்கள் அனுமதிக்கப்படாத அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, விடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்கி ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் இதே காட்சிதான். ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று காரணங்களை அடுக்கிவிட்டு, "காலை வெயில் பட்டால் வைட்டமின் டியும் கிடைக்குமே" என்று சேர்த்துக்கொள்வார்கள். அதே மனிதர்கள் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு, அறிக்கையில் வைட்டமின் டி அளவு குறைவாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பதும் உண்டு. வருடம் முழுவதும் வெயில் காயும் ஊரில், தினமும் திறந்த வெளியில் நடக்கிறவருக்கு இது எப்படிக் குறைய முடியும் என்பது நியாயமான கேள்வி.

வெயில், நடை, சாப்பாடு என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். மூன்றும் நல்லவை, ஆனால் மூன்றும் செய்வது வேறு வேறு வேலை. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், இந்த வைட்டமின் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கால்சியம் உள்ளே நுழைவதற்கு

எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேழ்வரகு, முருங்கைக் கீரை, எள், பால், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி ஆகியவற்றில் அது தாராளமாக இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் சாப்பிட்ட கால்சியம் முழுவதும் ரத்தத்துக்குள் போய்விடுவதில்லை. குடலின் சுவர் அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இழுத்துக்கொள்ளச் சொல்லிக் குடலுக்குக் கட்டளை கொடுப்பது வைட்டமின் டி. அது போதுமான அளவு இருந்தால் உணவிலுள்ள கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை உடலுக்குள் சேரும். இல்லையென்றால் 10 முதல் 15 சதவீதம்தான் சேரும், மீதி வெளியேறிவிடும்.

ரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்குவதை உடல் அனுமதிக்காது. இதயமும் தசையும் நரம்பும் இயங்குவதற்கு அது தேவை. குடல் வழியாக வராதபோது, கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் சேர்க்கும். இது நீண்ட நாள் நீடித்தால் வளரும் குழந்தைகளுக்குக் கால் எலும்புகள் வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரலாம். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி உடம்பெல்லாம் வலியும் தசைத் தளர்ச்சியும் வரலாம்.

கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் தினமும் சாப்பிடுகிறவர் கூட வைட்டமின் டி குறைவுக்கு ஆளாவதற்குக் காரணம் இதுதான். அவை கால்சியம் தருகின்றன. அந்தக் கால்சியத்தை உள்ளே சேர்க்கும் வைட்டமின் டி அவற்றில் இல்லை.

நெல்லாகி, அரிசியாகி, சோறாவது

மற்ற வைட்டமின்களுக்குப் பெரும்பாலும் உணவை நம்பியிருக்கும் நம் உடல் இந்த ஒன்றைத் தானே தயாரித்துக்கொள்ளும் திறன் பெற்றிருக்கிறது. அந்தத் தயாரிப்பு மூன்று கட்டங்களில் நடக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயலிலிருந்து வரும் நெல் நம் தட்டில் சோறாக விழும் வழியை நினைத்துக்கொண்டால் அது எளிதாகப் புரியும்.

வயலில் விளைவது நெல். அதை அப்படியே சாப்பிட முடியாது. ஆலைக்குப் போய் அரைபட்டு அரிசியாக வேண்டும். அரிசியையும் அப்படியே சாப்பிட முடியாது. வீட்டில் பசிக்கும் வேளையில், தேவையான அளவு மட்டும் உலையில் போட்டுச் சோறாக்க வேண்டும். வைட்டமின் டியின் வயல் நம்முடைய தோல். தோலின் உயிருள்ள அடுக்குகளில், கொலஸ்ட்ராலுக்கு மிக நெருங்கிய உறவுடைய ஒரு கொழுப்புப் பொருள் எப்போதும் இருக்கிறது. சூரிய ஒளியின் ஒரு குறிப்பிட்ட பகுதி அதன் மீது விழும்போது அதன் அமைப்பு உடைந்து, பிறகு உடல் வெப்பத்தால் மெல்ல உருமாறி, வைட்டமின் டி3 ஆகிறது. இதுதான் நெல். மீனிலும் முட்டையிலும் மாத்திரையிலும் வருவதும் இந்த நெல்தான். வயலில் விளையாமல் கடையில் வாங்கியது, அவ்வளவே.

அடுத்த கட்டம் கல்லீரலில் நடக்கிறது. ரத்தத்தில் மிதந்து வரும் டி3 அங்கே கால்சிடியால் என்னும் பொருளாக மாற்றப்படுகிறது. இது அரிசி. ஆய்வக அறிக்கையில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்று நீளமாக அச்சிடப்பட்டிருப்பதும் இதுவே. ரத்தத்தில் இது வாரக்கணக்கில் தங்கும். எடுத்த அளவு பாதியாகக் குறைய இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்று பார்ப்பதைப்போல, உடலின் வைட்டமின் டி இருப்பை மருத்துவர்கள் இதைக் கொண்டே அளக்கிறார்கள்.

மூன்றாவது கட்டம் சிறுநீரகத்தில். பாராதைராய்டு ஹார்மோன் கேட்கும்போது, கேட்கும் அளவுக்கு மட்டும், கால்சிடியால் அங்கே கால்சிட்ரியாலாக மாறுகிறது. குடலுக்குக் கட்டளை கொடுப்பது இதுதான், இதுதான் சோறு. இருப்பு குறையும்போது உடல் பதறிப்போய்ப் பாராதைராய்டு ஹார்மோனை அதிகமாகச் சுரப்பதால், குறைபாடு உள்ளவரிடம்கூடக் கால்சிட்ரியால் அளவு சரியாக, சில நேரம் கூடுதலாகவே, இருக்கக்கூடும். பானையில் சோறு இருப்பதை வைத்து வீட்டில் அரிசி இருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது அல்லவா? ஆகவே சாதாரண நிலையில் கால்சிட்ரியாலை அளப்பதில் பொருளில்லை.

தோலில் பிறந்த பொருள் ரத்தத்தின் வழியே உடல் முழுவதும் போகிறது என்பதற்கு ஓர் அழகான சான்று 1919ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. பெர்லினில் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளியைக் காட்டிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளியைப் படவைத்தபோது மறு கையின் எலும்பும் தேறியதை எக்ஸ்ரே படத்தில் கண்டார். வைட்டமின் டி என்ற பெயரே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

சுருக்கமாக, தோலில் உருவாவதும் உணவில் வருவதும் மூலப்பொருள். கல்லீரல் அதை இருப்பாக மாற்றுகிறது. சிறுநீரகம் அந்த இருப்பிலிருந்து தேவைக்கு எடுத்துப் பயன்படு பொருளாக்குகிறது. கல்லீரலோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்களுக்கு வெயில் மட்டும் போதாமல் போவது இதனால்தான்.

வெயிலின் எந்தப் பகுதி இந்த வேலையைச் செய்கிறது?

வெயில் என்று நாம் ஒரே சொல்லால் சுட்டுவது பல கதிர்களின் கலவை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் ஒன்று. தோலில் சூடாக உணரப்படும் அகச்சிவப்புக் கதிர் ஒன்று. கண்ணுக்கும் தெரியாமல், சூடாகவும் உறைக்காமல் வரும் புற ஊதாக் கதிர் ஒன்று. இந்தப் புற ஊதாவில் நம்மை வந்தடைபவை ஏ, பி என்ற இரண்டு வகைகள். வைட்டமின் டி உருவாக்கும் ஆற்றல் பி வகைக்கு மட்டும்தான் உண்டு. அதிலும் ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட குறுகிய பகுதிக்கு. ஏ வகை தோலைக் கருக்கும், சுருக்கம் விழச் செய்யும், வைட்டமின் டி மட்டும் தராது.

பி வகையின் பெரும்பகுதியை வளிமண்டலத்தின் ஓசோன் அடுக்கு உறிஞ்சிவிடுகிறது. மிஞ்சுவது எவ்வளவு என்பது, கதிர் எவ்வளவு காற்றைக் கடந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. உச்சியில் நிற்கும் சூரியனின் கதிர் நேர் கீழாக, மிகக் குறைந்த தூரத்தைக் கடந்து வரும். அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்கும் சூரியனின் கதிர் சாய்ந்து, நீண்ட தூரத்தைக் கடந்தாக வேண்டும். மார்ச் மாதத்தில் காலை ஏழு மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கிறவர் மீது விழும் ஒளி, நண்பகல் ஒளியைப்போல் ஐந்து மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வெளிச்சம் வந்துவிடுகிறது, இதமான சூடும் வந்துவிடுகிறது, பி வகைக் கதிர் மட்டும் வழியிலேயே ஏறக்குறைய முழுவதும் வடிகட்டப்பட்டுவிடுகிறது.

இளவெயில் உடம்புக்கு நல்லது என்று நாம் வழிவழியாகச் சொல்லி வருவதில் பிழை ஏதும் இல்லை. சூரியன் கண்டு விழிப்பதும் காலைக் காற்றும் உறக்கச் சுழற்சிக்கும் மனத்துக்கும் நல்லவைதான். அதில் வைட்டமின் டியையும் சேர்த்தது பிற்காலத்தில் நாமாக ஒட்டவைத்தது.

நிழலைப் பார்த்தால் போதும்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள். அப்போது பி வகைக் கதிர் போதிய அளவில் தரைக்கு வருகிறது. நிழல் நம் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டிருந்தால் அந்த வெயிலில் வைட்டமின் டி மிகச் சொற்பம். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கொஞ்சம் கிடைக்கும்.

புதுச்சேரியும் கடலூரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் இருக்கின்றன. ஐரோப்பிய நகரங்களில் குளிர்கால மாதங்களில் நண்பகலில்கூடச் சூரியன் தாழ்ந்தே நிற்பதால் அங்கே தோலில் வைட்டமின் டி உருவாவதே நின்றுவிடுகிறது. நமக்கு அந்த நிலை எந்த மாதத்திலும் இல்லை. சூரியன் மிகவும் தெற்கே போயிருக்கும் டிசம்பர் பிற்பகுதியிலும் நம் ஊர் நண்பகல் நிழல் ஆள் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அந்த மாதத்தில் முற்பகல் பத்தேகால் மணியளவில் நிழல் உயரத்துக்குச் சமமாகி, பிற்பகல் இரண்டு மணிவரை குட்டையாகவே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணியைத் தாண்டியதுமே அந்த நிலை வந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தையும் ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வந்து, நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். இதை மொட்டை மாடியில் நின்று பார்த்திராதவர்கள் ஒருமுறை பார்க்கலாம், பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

நமக்குப் பக்கத்திலுள்ள திருப்பதியில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தோலிலுள்ள அந்த மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து நாளின் வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். பகல் 11 மணி முதல் 2 மணி வரையிலான வெயிலில்தான் மாற்றம் மிக அதிகமாக நடந்தது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சூரியனின் உயரத்தைவிட மேகமே இங்கே பெரிய தடை. அடர்ந்த மழைமேகம் பி வகைக் கதிரில் பாதிக்கும் மேல் தடுத்துவிடக்கூடும். ஆனால் கால்சிடியால் இருப்பு வாரக்கணக்கில் தங்கும் என்பதால், மழை தொடர்ந்து பெய்யும் சில நாட்களுக்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

சூடு வேறு, கதிர் வேறு

அக்னி நட்சத்திரத்தில் மாலை நான்கரை மணிக்கு உடம்பு எரியும். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வெப்பம் அடிக்கும். அந்நேரம் பி வகைக் கதிர் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துவிட்டது. மாறாக, டிசம்பர் நண்பகலில் கடற்காற்று வீசும்போது வெயிலே உறைக்காது. கதிரோ நன்றாக விழுந்துகொண்டிருக்கும். கடற்காற்று சூட்டைக் குறைக்குமே ஒழியக் கதிரைக் குறைக்காது. போதாததற்கு உலர்ந்த மணல், விழும் புற ஊதாவில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி எறிகிறது. சில்வர் பீச்சில் நண்பகலில் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று நெடுநேரம் இருந்துவிட்டு, இரவில் முதுகு எரிகிறது என்று புலம்பும் சுற்றுலாப் பயணிகள் கணிப்பதில் தவறுவது இந்த இடத்தில்தான்.

கண்ணாடியையும் இங்கேயே சொல்லிவிடலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் ஏ வகைக் கதிரையும் விட்டுவிட்டு, பி வகையைத் தடுத்துவிடும். கண்ணாடி ஏற்றிய காரில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நண்பகல் வெயில் முழுவதையும் கை மேல் வாங்கிக்கொண்டு போனாலும் கை கருக்குமே தவிர வைட்டமின் டி உருவாகாது. ஜன்னல் திறந்த டவுன் பஸ்ஸில் வெயில் பக்கம் உட்கார்ந்து வருகிறவருக்குக் கொஞ்சம் கிடைக்கும். அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது, வைட்டமின் டிக்கு வேண்டியது பி வகைக் கதிர் என்பதும், அதை நிழலின் நீளம் காட்டிக்கொடுக்கும் என்பதும், உடல் உணரும் சூடு காட்டாது என்பதும்தான்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் இதற்குக் கிடையாது. இத்தனை நிமிடம் என்று அடித்துச் சொல்லும் வாட்ஸ்ஆப் செய்திகளை நம்பாமல் இருப்பது நல்லது. தோலின் நிறம், வயது, எவ்வளவு தோல் வெளியே தெரிகிறது என்ற மூன்றும் கணக்கை மாற்றிவிடும்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின், பி வகைக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. கருத்த தோலுக்கு இது சிறந்த பாதுகாப்பு. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அதற்கு ஈடாக, வெளிர்நிறத் தோலுடையவர் சில நிமிடங்களில் பெறும் அளவைப் பெற நமக்கு அதைப்போல் பல மடங்கு நேரம் தேவைப்படும். வெளிநாட்டுப் புத்தகங்களில் பத்து நிமிடம் போதும் என்று எழுதியிருப்பது அங்குள்ள தோலுக்கானது. வயது ஏற ஏறத் தோலிலுள்ள மூலப்பொருளின் அளவும் குறைந்துகொண்டே போகிறது. எழுபது வயதில் அதே வெயில் இளமையில் தந்த அளவைத் தராது. உடற்பருமன் உள்ளவர்களுக்கு, உருவான வைட்டமின் டியில் ஒரு பகுதி கொழுப்பில் போய்த் தங்கிவிடுவதால் ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரியும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், முகமும் முழங்கை வரை கைகளும், முடிந்தால் முழங்காலுக்குக் கீழே கால்களும் வெளியே தெரியும்படி, நிழல் குட்டையாக இருக்கும் நேரத்தில், வாரத்தில் சில நாள் அரைமணி நேரம் என்பது நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு ஒரு நியாயமான தொடக்கம். தோல் எரியத் தொடங்குவதற்கு முன்பே நிழலுக்குப் போய்விட வேண்டும். மே மாதத்தில் இதை ஒன்பதரை மணிக்கே முடித்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் நிற்க வேண்டிய கட்டாயமில்லை. மாடியில் வடகம் பிழிந்து காயவைக்கிற வேளை இதற்குப் பொருந்தி வருகிறது. ஆனால் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக நின்றால் பயன் குறைவு.

கூடுதல் நேரம் நின்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் இல்லை. ஓர் அளவுக்கு மேல், தோலில் உருவான பொருளை அதே ஒளி செயலற்ற வேறு பொருள்களாக மாற்றத் தொடங்கிவிடுகிறது. வெயிலால் வைட்டமின் டி நஞ்சாகும் அளவுக்கு ஏறுவதில்லை என்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளிக்கு வைட்டமின் டி மிகையாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். அவருக்குத் தேவைப்படுவது தண்ணீரும் நிழலும் ஓய்வும்தான்.

வெயிலில் நின்றுவிட்டு உடனே குளித்தால் வைட்டமின் டி கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது உருவாவது தோலின் உயிருள்ள அடுக்குகளுக்குள்ளே என்பதால் சோப்பு அதைத் தொட முடியாது. தாராளமாகக் குளிக்கலாம்.

கைக்குழந்தையின் செய்தி வேறு. பிறந்த குழந்தையை எண்ணெய் தடவி இளவெயிலில் காட்டுவது நம் வீடுகளில் பாட்டிமார் விடாமல் செய்யும் வழக்கம். அந்த வெயிலில் வைட்டமின் டி அதிகம் கிடைக்காது. கிடைக்கும் நேரத்து வெயிலோ ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் தோலுக்கு ஆகாது. தாய்ப்பாலிலும் இந்த வைட்டமின் குறைவு. ஆகவே குழந்தை மருத்துவர்கள் முதல் ஆண்டில் தினமும் 400 ஐ.யூ. அளவுள்ள சொட்டு மருந்தை எழுதித் தருகிறார்கள். ஐ.யூ. என்பது வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு. வைட்டமின் டியில் 40 ஐ.யூ. ஒரு மைக்ரோகிராமுக்குச் சமம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே தரப்படும் நீல ஒளிச் சிகிச்சைக்கும் வைட்டமின் டிக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் நடை எதற்கு?

நடப்பதால் வைட்டமின் டி உருவாவதில்லை. நண்பகலில் அசையாமல் நின்றவருக்குக் கிடைப்பது, விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தவருக்குக் கிடைக்காது. ஆனால் எலும்பு வலுப்பெறக் கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் போதாது. உடல் எடையைத் தாங்கி நடக்கும்போது எலும்பின் மீது விழும் அழுத்தம்தான், இங்கே வலு தேவை என்ற செய்தியை எலும்புச் செல்களுக்குச் சொல்கிறது. தசை வலுவும் உடல் சமநிலையும் கூடுவதால் முதியவர்கள் விழுவதும் குறைகிறது. எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை என்பதால் இது சிறிய பயனல்ல.

ஆகவே விடியற்காலை நடையை விட்டுவிட்டு நண்பகலில் நடக்கத் தொடங்க வேண்டாம். இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அது ஆபத்தாகவும் முடியலாம். நடையை அதன் நேரத்திலேயே வைத்துக்கொண்டு, வெயிலுக்குத் தனியாகக் கொஞ்ச நேரம் ஒதுக்குவதே சரி. மார்கழி, தை மாதங்களில் மட்டும் முற்பகல் பத்தரை மணிக்குத் தாவரவியல் பூங்காவில் நடந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். அப்போதும் மரநிழலை விட்டுச் சற்று வெளியே வர வேண்டும்.

சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 ஐ.யூ. தேவை; அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 800. உணவிலிருந்து மட்டும் இதை எட்டுவது கடினம். ஒரு கோழி முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 40 ஐ.யூ. இருக்கிறது. கணக்குப் போட்டால் நாளைக்குப் பதினைந்து முட்டை.

நம் ஊருக்கு அமைந்த நல்ல வழி மீன்தான். அதிலும் கொழுப்புள்ள மீன். மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவை இந்த வகையில் வருகின்றன. டின்னில் அடைத்த மத்தியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 190 ஐ.யூ. இருக்கிறது, மீன் பிடிபட்ட பருவத்தையும் அதன் கொழுப்பையும் பொறுத்து இந்த அளவு கூடும், குறையும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் போட்டி போட்டுக்கொண்டு விலை கொடுக்கிறவர்கள், அருகிலேயே மலிவாகக் கிடக்கும் மத்தியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. எண்ணெயில் பொரித்தால் ஒரு பகுதி எண்ணெயோடு போய்விடும், குழம்பு வைத்தால் குழம்பிலேயே தங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறும். நல்ல வேளையாக, வெயில் மிகுந்திருப்பதும் அந்த மாதங்களில்தான்.

மீன் எண்ணெய் மாத்திரை என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயில் வைட்டமின் டி மிகுதி. மீனின் உடற்கொழுப்பிலிருந்து எடுத்து ஒமேகா-3 என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் அது இருக்காது. வாங்கும் முன் அட்டையைப் படிக்க வேண்டும்.

சைவர்களுக்கு வழி குறுகல்தான். பசும்பாலில் இயற்கையாக இருப்பது மிகக் குறைவு. நெய்யிலும் வெண்ணெயிலும் சிறிதளவே. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி செறிவூட்டப்பட்ட பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யூ. வரை சேர்க்கப்படுகிறது, சமையல் எண்ணெயிலும் சேர்க்கப்படுவது உண்டு. கூட்டல் குறியும் எஃப் என்ற ஆங்கில எழுத்தும் கொண்ட நீல முத்திரை உறையில் இருந்தால் அது செறிவூட்டப்பட்டது என்று அறியலாம். கால் லிட்டர் பாலில் 50 முதல் 75 ஐ.யூ. என்பதால் இதையும் துணையாகவே கொள்ள வேண்டும்.

காளானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காளானிலும் ஒரு மூலப்பொருள் இருக்கிறது. புற ஊதா பட்டால் அது வைட்டமின் டி2 ஆகிறது. இருட்டறையில் வளர்ந்து வரும் மொட்டுக் காளானிலும் சிப்பிக் காளானிலும் அது ஏறக்குறைய இல்லை. வாங்கி வந்ததை நறுக்கி, நண்பகல் வெயிலில் மாடியில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் அளவு பெருமளவு கூடும். கண்ணாடி மூடி போடாமல், வலைத்துணியால் மூடி வைக்க வேண்டும். நாம் வெயிலில் நிற்க முடியாத நாளில் நமக்குப் பதிலாகக் காளானை நிற்கவைக்கலாம்.

அறிக்கையும் மாத்திரையும்

ஆய்வக அறிக்கையில் கால்சிடியால் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று குறிக்கப்படும். 12க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை. 20 இருந்தால் பெரும்பாலோரின் எலும்புக்குப் போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. அதே ஆண்டில் அந்நாட்டு ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. பல ஆய்வகங்கள் இன்றும் 30ஐ எல்லையாக அச்சிடுவதால், 24 இருப்பவருக்கும் தடித்த எழுத்தில் குறைவு என்று வந்துவிடுகிறது. அந்தச் சொசைட்டியே 2024இல் 30 என்ற இலக்கை விலக்கிக்கொண்டது. நலமாக இருப்பவர்கள் வழக்கமாக இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. எலும்பு வலி, அடிக்கடி முறிவு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், உணவிலுள்ள கொழுப்பைக் குடல் உறிஞ்ச முடியாத நோய், வலிப்பு மருந்து எடுத்தல் போன்ற காரணங்கள் இருப்பவர்களுக்குத்தான் பரிசோதனை உண்மையில் பயன்படும்.

குறைபாடு இல்லாதவர்கள் கூடுதலாக எடுத்தால் புற்றுநோயும் மாரடைப்பும் வராது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. அமெரிக்காவில் 25,871 பேரிடம், அவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 ஐ.யூ. கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தப்பட்ட வைட்டல் என்ற பெரிய ஆய்வில் புதிதாகப் புற்றுநோய் வருவதோ மாரடைப்போ குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்பது 2022இல் வெளியானது. ஏற்கெனவே போதிய இருப்பு உள்ளவருக்கு மேலும் சேர்ப்பதால் பயனில்லை என்பதே இதன் பொருள். உண்மையான குறைபாடு உள்ளவருக்கு மருந்து தேவை என்பதை இது மாற்றவில்லை.

அப்படிக் குறைபாடு உள்ளவர்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் எழுதப்படுவது 60,000 ஐ.யூ. மாத்திரை அல்லது பொடி. வாரத்துக்கு ஒன்று வீதம், வழக்கமாக எட்டு வாரம். கொழுப்பில் கரைவது என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது நல்லது. இதை நாளுக்கு ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டோ, வலி குறைந்ததே என்று மருத்துவர் சொன்ன காலத்துக்குப் பிறகும் தாமாகவே கடையில் வாங்கியோ தொடர்கிறவர்கள் உண்டு. வெயிலுக்கு இருக்கும் தற்காப்பு மாத்திரைக்குக் கிடையாது. மருத்துவர் மேற்பார்வையில்லாமல் பெரியவர்கள் நீண்ட காலம் எடுக்கக்கூடிய உச்ச அளவு நாளொன்றுக்கு 4,000 ஐ.யூ. மட்டுமே. அதை வெகுவாகத் தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகக் கல், முற்றினால் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகலாம். மாத்திரை அட்டையின் மீது எந்தக் கிழமை என்று பேனாவால் எழுதிவைத்து, எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்து, தொடர்ந்து எடுக்க வேண்டிய அளவை அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.